அத்தையின் பெடலும் என் புதிய பதிப்பும்

என் மென்பொருளை உலகத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று யாராவது கேட்டால், பதில் சொல்லாமல் சற்று நேரம் கூரையைப் பார்ப்பேன். பெரிய எண் ஒன்றை மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். உண்மையில் நான் நினைத்துக்கொண்டிருப்பது ஒரே ஓர் ஆளை. என் மாமியார். அவருக்காகத்தான் அதை எழுதினேன். மற்றவர்கள் வந்து சேர்ந்தது தற்செயல்.

நாங்கள் இருப்பது கேரளத்தில், பாலக்காட்டு எல்லையோர வடகரப்பதியில். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். தென்னந்தோப்புக்கு நடுவில் உட்கார்ந்து கணினியைப் பார்ப்பவனை ஊரில் யாரும் வேலை செய்கிறவனாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. “ஏனுங், ஊட்ல சும்மாதானே இருக்கீங்க?” என்று ஆரம்பித்து, பிரிண்டர் முதல் பம்புசெட் வரை எல்லாவற்றையும் ரிப்பேருக்குக் கொண்டுவருவார்கள். மனைவியின் வீடு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டம் ஒன்றில். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நாங்கள் பொள்ளாச்சி, பழனி, தேனி என்று தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து போடியில் மலையேற வேண்டும். எங்கள் கல்யாணமும் ஏறக்குறைய அதே வழியில்தான் நடந்தது. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் கொங்குக் குடியானவர்கள். இரண்டு வீட்டாரும் கொஞ்ச காலம் பேசாமலிருந்து, அதுவும் அலுத்துப்போய், சேர்ந்துகொண்டார்கள்.

அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) தோட்டத்து மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். நடத்துகிறவர் என்றால் முன்னால் நின்று பாடுவார், மற்றவர்கள் பின்னால் நின்று பயப்படுவார்கள். தமிழ்ப் பாட்டு, மலையாளப் பாட்டு இரண்டும் உண்டு. மலையாளத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார். கேட்கிற மலையாளிகளுக்கே தங்கள் மொழி இவ்வளவு கம்பீரமா என்று சந்தேகம் வரும்.

சில வருடங்களுக்கு முன் அவருடைய கண் பழுதாக ஆரம்பித்தது. விழித்திரையின் நடுப்பகுதி மங்கிவருகிறது, கண்ணாடியாலோ ஆபரேஷனாலோ ஆவது ஒன்றுமில்லை, எழுத்து பெரிதாக இருந்தால் படிக்கலாம் என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டுப் புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு பாடிப் பார்த்தார். அந்த வருடத் திருவிழாப் பூசையில் ஒரு சரணத்தைத் தவறவிட்டார். பாதிக் கோயில் அத்தையோடு போயிற்று, பாதிக் கோயில் புத்தகத்தோடு போயிற்று, இரண்டும் ஆமென்னில்தான் சந்தித்துக்கொண்டன. கமிட்டிக்காரர்கள் ரொம்ப மரியாதையாக, “இனிமே நீங்க உக்காந்தே பாடலாமேக்கா” என்றார்கள். அத்தையை உட்காரச் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். அன்று முழுக்க அவர் அடுப்படியில்கூட ஒரு பாட்டையும் முணுமுணுக்கவில்லை என்று மாமனார் போனில் சொன்னார். மாமா போன் செய்வதே அபூர்வம்.

அப்படித்தான் நான் அந்த மென்பொருளை எழுதினேன். பாட்டு வரிகளைக் கோயில் சுவரில், ஓர் ஆள் உயர எழுத்தில் காட்டும். அவ்வளவுதான் அதன் சாதனை. புரொஜெக்டரைக் கோயில் சாமியார், எல்லோருக்கும் அச்சன், எங்கிருந்தோ வாங்கித் தந்தார். மலையாளி, நல்ல மனிதர், தமிழில் பூசை வைப்பார், தமிழ் மாதிரி ஒன்றில் பேசுவார். மீதியிருந்தது பக்கத்தை யார் திருப்புவது என்ற பிரச்சினை. குழுவிலிருந்த டீச்சர் முன்வந்தார்.

“நீ பாடு. பாடுறவ திருப்புனா ரெண்டும் கெடும்” என்றார் அத்தை.

ஆகவே காலால் மிதிக்கிற பெடல் ஒன்று வாங்கினேன். தையல் மெஷின் மோட்டாருக்கு இருக்குமே, அது போல. மிதித்தால் பக்கம் திரும்பும். முதல் நாளே ஒரு சிக்கல் தெரிந்தது. அத்தை வலது காலால் தாளம் போடுவார். ஏதோ லேசாகத் தட்டுகிற ரகமில்லை, தரை அதிரும் ரகம். கால் பெடலில் இருந்ததால் ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு பக்கம் ஓடியது. “இடது காலால் மிதிங்க அத்தை” என்றேன். இடது காலும் கூடவே தாளம் போட்டது.

பெடலை மிதித்தார்களா என்று கவனித்துச் சொல்லும் வேலையை நான் எழுதவில்லை. அது யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த சின்ன நிரல். அந்த மாதிரிப் பொதுப் பயன்பாட்டு நிரல்களை எங்கள் தொழிலில் லைப்ரரி என்போம். அதைத் திறந்து நாலைந்து வரிகளை மாற்றினேன். சும்மா தட்டினால் கண்டுகொள்ளாதே, ஒரு மூச்சு நேரம் அழுத்திப் பிடித்தால் மட்டும் பக்கத்தைத் திருப்பு. மேலே ஒரு குறிப்பும் எழுதினேன், தமிழில், ஒரே சொல்: அத்தைக்காக. வேறெங்கும் எதுவும் எழுதி வைக்கவில்லை. மறக்கக்கூடிய விஷயமா இது என்று நினைத்திருப்பேன். அத்தை அடுத்த திருவிழாவில் நின்றுகொண்டே பாடினார்.

இந்த இடத்தில் இரண்டு குடும்பங்களின் பயண வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், பின்னால் வரப்போகும் விபரீதம் அதைச் சார்ந்தது. எங்கள் அம்மா எங்கே போனாலும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவார். தண்ணீர், தேங்காய், மோர்மிளகாய், தலையணை. சம்பந்தி வீட்டுக்கு முதல் முறை போனபோது அம்மிக் குழவி ஒன்றையும் காரில் பார்த்தேன். “அங்க எப்புடி இருக்குமோ என்னமோ” என்றார். மனைவி வீட்டில் நேர் எதிர். ஒரு பையில் ஒரு மாற்றுடை. போகிற வீட்டில் எல்லாம் இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கும்.

மென்பொருள்காரர்களிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. எந்த மென்பொருளும் தனியாக நிற்பதில்லை. எழுத்தைக் காட்ட ஒரு லைப்ரரி, பாட்டைச் சேமித்து வைக்க ஒன்று, பெடலுக்கு ஒன்று என்று பிறர் எழுதிய பத்துப் பொருள்களின் தோளில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் அவ்வப்போது புதிய பதிப்பாக மாறிக்கொண்டும் இருக்கும். நான் வளர்ந்த முறைப்படி எல்லாவற்றிலும் ஒரு பிரதி எடுத்து என் மூட்டைக்குள்ளேயே கட்டிவிட்டேன். மலையில் நெட் கிடைக்காது, அந்தப் பழைய லேப்டாப்பில் என்ன இருக்குமோ என்னமோ. மூட்டை கனமாக இருந்தது. ஆனால் எங்கே பிரித்தாலும் வேலை செய்தது.

எழுதியதை நெட்டில் பொதுவில் போட்டேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், திருத்திக்கொள்ளட்டும் என்று. எடுத்துக்கொண்டார்கள். பாலக்காட்டுப் பழைய அக்ரகாரத் தெரு ஒன்றின் பஜனைக் குழுவிலிருந்து ஒரு மாமா, “பேஷா இருக்கு, ஆனா ஸ்லோகத்துக்கு நம்பர் போடமாட்டேங்கறதே” என்று எழுதினார். எங்கோ ஓர் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் காலைப் பிரார்த்தனைக்கு வைத்துக்கொண்டது.

பிறகு, போன வருடம், குளிர்தேசம் ஒன்றிலிருந்து ஒருவர் எழுதினார். இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்துக்கு, ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சரிபார்த்துச் சேர்க்கும் தொண்டர்களில் அவரும் ஒருவர். கோயில் லேப்டாப்பில் நான் போட்டிருந்ததும் அதே இயங்குதளம்தான். உங்கள் மென்பொருளைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம் என்றார். என் மனநிலையை என்ன சொல்ல. நாட்டுப்புறத்தில் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவனை மெடிக்கல் காலேஜில் பாடம் எடுக்கக் கூப்பிட்டது போல இருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை. மூட்டையை அவிழ்க்க வேண்டும். அவர்கள் சட்டப்படி ஒவ்வொரு லைப்ரரியும் அமைப்பில் ஒரே பிரதிதான் இருக்க வேண்டும், எல்லா மென்பொருளும் அதையே பகிர்ந்துகொள்ள வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு லைப்ரரியில் ஓட்டை என்று தெரிந்தால் ஓரிடத்தில் அடைத்தால் போதும். என்னைப் போன்றவர்கள் ஆளுக்கொரு பிரதியை உள்ளே ஒளித்து வைத்திருந்தால் எத்தனை இடத்தில் போய் அடைப்பது? மனைவி வீட்டுத் தத்துவம். போகிற வீட்டில் இருப்பதைப் பயன்படுத்து.

நான் மதம் மாறியவனின் வேகத்தோடு அவிழ்த்தேன். ஒவ்வொன்றாக என் பிரதியைத் தூக்கிவிட்டு, அமைப்பில் இருக்கும் புதிய பதிப்போடு இணைத்தேன். அந்த மனிதர் ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்களைப் போல என் பிரதியையும் மூலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்தார். ஒருநாள் அவரிடமிருந்து செய்தி: “பெடல் லைப்ரரியில் உங்கள் பிரதிக்கும் மூலத்துக்கும் சில வரிகள் வேறுபடுகின்றன. அவற்றுக்கு மேலே என் திரையில் வெறும் கட்டம் கட்டமாக ஏதோ தெரிகிறது. இது முக்கியமா?”

செய்தி வந்தபோது நான் சலூன் நாற்காலியில் இருந்தேன். கழுத்தைச் சுற்றித் துணி. துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்து, “பழைய குப்பை, எடுத்துவிடலாம்” என்று பதில் போட்டேன். எழுதிய காலத்தில் ஏதோ சோதனைக்காகக் கிறுக்கியிருப்பேன், இடைச்செருகல், தள்ளுபடி. அவருடைய கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாததால் கட்டமாகத் தெரிந்த அந்தச் சொல் என்னவென்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. முடிதிருத்துபவர் தலையை ஒரு பக்கமாக அமுக்கி, “ஆடாதீங்” என்றார்.

புதிய பதிப்பு வெளிவந்தது. மூட்டை பழையதில் கால்வாசிதான். மனைவியிடம் காட்டினேன்.

“என்ன புதுசு இதுல?” என்றாள்.

“புதுசா ஒண்ணுமில்ல. உள்ள இருந்ததெல்லாம் எடுத்துட்டேன்.”

“எடுத்ததுக்கா இவ்வளவு சந்தோசம்?”

திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் கோயில் லேப்டாப்பைக் கீழே வரவழைத்திருந்தேன். இயங்குதளம் முழுவதையும் புதுப்பித்து, பழைய பதிப்பைத் துடைத்து எடுத்துவிட்டு, புதியதைப் போட்டு, பெடலையும் செருகிச் சோதித்தேன். மிதித்தேன், பக்கம் திரும்பியது. மறுபடி மிதித்தேன், திரும்பியது. சோதனை வெற்றி. என் கால் தாளம் போடாத கால். தாளம் போடும் கால் எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் இல்லை. எந்தக் கச்சேரியிலும் என் கால் மரக்கட்டை மாதிரி கிடக்கும். அந்தக் காலை வைத்து நான் அத்தையின் பெடலைச் சோதித்திருக்கிறேன்.

அந்த வருடத் திருவிழாவுக்கு இன்னொரு கனமும் இருந்தது. முந்தைய வருடம் நன்றாக நடந்ததால் பேச்சு அடங்கியிருந்தது, ஆனால் தீரவில்லை. இந்தப் பூசையும் நல்லபடி முடிந்தால் அத்தையே தொடரட்டும், இல்லாவிட்டால் டீச்சரிடம் கொடுத்துவிடலாம் என்று கமிட்டியில் முடிவாகியிருந்தது. டீச்சருக்கே அதில் விருப்பமில்லை. ஆனால் கமிட்டி.

சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை. தோட்டத்தில் அரைநாள் வேலை முடித்துவிட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். மாமாதான் அவர்களைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஜீப்பில் ஏற்றிவந்தார். தோட்டத்து ஜீப் ஓட்டி ரிட்டயர் ஆனவர், ரிட்டயர் ஆனதை ஜீப்புக்கு மட்டும் சொல்லவில்லை. கோயிலுக்குள் அவர் உட்காரும் இடம் கடைசிப் பெஞ்சு, வாசல் ஓரம். யாருக்காவது அவசரமாக வண்டி வேண்டியிருந்தால் என்று காரணம் சொல்வார். பூசை நடுவில் அவசரம் அவருக்குத்தான் வரும், பீடி பிடிக்க.

சுவரில் மஞ்சள் எழுத்து விழுந்தது. புதிய பதிப்பில் எழுத்து இன்னும் கூர்மையாக இருந்தது, எல்லோரும் “ஆ” என்றார்கள். நான் சுவரோரமாக, அடக்கமாக நின்றுகொண்டேன். கீபோர்டு ஆரம்பித்தது. அத்தை செருப்பைக் கழற்றி, பெடலில் கால் வைத்து, மூச்சை இழுத்து, முதல் சொல்லை எடுத்தார். கால் தாளத்தை எடுத்தது.

சுவரில் பக்கங்கள் பறந்தன. வருகைப் பாட்டு முதல் வரி முடிவதற்குள் முழுப் பாட்டும் ஓடிப்போய், காணிக்கைப் பாட்டு வந்து, போய், நற்கருணை வந்து, போய்க்கொண்டிருந்தது. குழுவினர் விசுவாசமானவர்கள். ஆளாளுக்கு எந்த வரி கண்ணில் பட்டதோ அதைப் பாடினார்கள். ஒருத்தி இன்னும் வருகையில் நின்றாள், ஒருத்தி காணிக்கைக்குப் போய்விட்டாள், டீச்சர் நற்கருணையை நெருங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் கறுப்புத் திரையில் “நன்றி” என்று வந்து நின்றது. அதையும் ஒருத்தி ராகத்தோடு பாடிவிட்டாள்.

பீடத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து அச்சன் எட்டிப் பார்த்தார். “மோனே, இந்த ஸ்பீடில பாடினா பூசை கால் மணிக்கூர்ல தீரும். ஆளுகளுக்கு சந்தோஷம். பிஷப்புக்கு அத்தற சந்தோஷம் இருக்காது கேட்டோ.”

அத்தை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன மருமவனே, பாட்டு எனக்கு முன்னால ஓடுது?”

“இருங்க அத்தை, பாக்கறேனுங்.”

“பாருங்க, நல்லாப் பாருங்க. நானும் எனக்குத்தான் கண்ணு தெரியலைன்னு நெனச்சேன்.”

குனிந்து பெடலைப் பார்த்த நொடியில் எனக்கு அந்தக் கட்டங்கள் ஞாபகம் வந்தன. கட்டம் கட்டமாகத் தெரிந்தது தமிழ். அந்தத் தமிழ் என்ன சொல்லியது என்பதும் கூடவே வந்தது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்து நான் குப்பை என்று எழுதி அனுப்பியது, எதிரில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

சொந்த லேப்டாப் வடகரப்பதியில் இருந்தது. கோயில் லேப்டாப்பில் நிரலைத் திருத்தும் கருவிகள் எதுவும் கிடையாது. ஒரே வழி, பழைய பதிப்பை நெட்டிலிருந்து இறக்கி மறுபடி போடுவது. தோட்டத்துச் சாலையில் ஒரு வளைவில் மட்டும் தமிழ்நாட்டு டவர் எட்டும். மனைவியும் குடை எடுத்துக்கொண்டு கூட வந்தாள். மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

“நம்ம லேப்டாப்ப எடுத்துட்டு வந்திருக்கலாம்” என்றேன்.

“நாந்தான வேண்டாம்னேன்.”

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“சொல்லாதீக. எந்தங்கச்சி கல்யாணத்துல மோதிரம் மாத்துற நேரத்துல ரிலீசுன்னு மூலைல உக்காந்திருந்தீக. அதுக்குத்தான் வேண்டாம்னேன்.” குடையை என் பக்கம் சாய்த்து, வேறு குரலில் கேட்டாள். “சரியாயிருமா?”

பழைய பதிப்பு போனில் இறங்கியது. ஓடிப்போய் லேப்டாப்பில் போட்டேன். திறக்க மறுத்தது. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு திரிந்த அந்தப் பழைய மூட்டைகூட ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வீட்டுக்காரரை நம்பியிருந்திருக்கிறது. புரொஜெக்டருக்குப் படம் அனுப்பும் பகுதி. அதை நான்தான் ஊரில் உட்கார்ந்து புதுப்பித்திருந்தேன். முன்பு குடியிருந்த வாடகைக்காரர் வந்து, இங்கே ஓர் அறை இருந்ததே என்று சுவரைத் தடவுவது போல, ஒரே பிழைச் செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பையே மறுபடி திறந்தேன்.

“நான் காலை அசைக்காமப் பாடுதேன்” என்றார் அத்தை.

பாடினார். வலது காலைத் தரையில் ஊன்றி, பக்கம் முடியும் இடத்தில் மட்டும் பெடலைத் தொட்டு. பக்கங்கள் சரியாகத் திரும்பின. பாட்டுதான் நின்றுபோனது. அவர் தாளம் வாயிலும் இல்லை, கீபோர்டிலும் இல்லை, அந்தக் காலில் இருந்தது. குழுவே அந்தக் காலைக் கேட்டுத்தான் இத்தனை வருடம் பாடியிருக்கிறது. கால் ஓய்ந்ததும் ஒவ்வொரு குரலாகப் பின்தங்கி, இரண்டாம் சரணத்தில் கீபோர்டு மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

அத்தை பெடலை விட்டுக் காலை எடுத்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

“நாளைக்கு டீச்சரே முன்னால நிக்கட்டும்” என்றார். “நான் பின்னால உக்காந்துக்கிடுதேன். அதுக்கென்ன.”

“அய்யோ அக்கா” என்றார் டீச்சர். அச்சன் உள்ளே போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்டாலும் அதன் கடைசியில், இந்த வீட்டில் எப்போதும் கேலிக்கு ஆளாகும் எங்கள் கொங்கு ‘ங்’ வந்து தொலைக்கும்.

பின்னாலிருந்து பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. மாமா நடந்து வந்தார். அவர் கோயிலில் அவ்வளவு முன்னால் வந்து கடைசியாகப் பார்த்தது என் கல்யாணத்தில்.

“அத இங்கிட்டுத் தள்ளுங்க மாப்ள” என்று பெடலைக் காட்டினார்.

“உங்களுக்குப் பாட்டு தெரியுமா?” என்றார் அத்தை.

“பாட்டு தெரியாது.” ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நீ எங்கன மூச்சு விடுவேன்னு தெரியும். அடுப்படியில எத்தன வருசமாக் கேக்கேன்.”

பெண்களில் யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை, ஆனால் செருப்பை மறுபடி கழற்றினார். மாமா பெடலை இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு என்னிடம், “கிளச்சு கொஞ்சம் லூசு” என்றார்.

ஆரம்பித்தார்கள். அத்தையின் கால் வெறும் தரையில் இடித்தது, கோயில் அதிர்ந்தது, குழு அதன் பின்னால் ஏறியது. மாமா சுவரைப் பார்க்கவில்லை. அத்தையின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் லேசாக ஏறும்போது மிதித்தார். ஆனால் கொஞ்சம் முன்கூட்டியே மிதித்தார்.

“எதுக்கு இந்த அவசரம்? கடைசிச் சொல்லைப் பாட விடுதீகளா?”

“வளைவு வருதுல்லா. முன்னாலயே கியர் மாத்த வேண்டாமா?”

“இது ரோடில்ல.”

“எனக்கு எல்லாம் ரோடுதான்.”

இருட்டுவதற்குள் நாலு தடவை சண்டை போட்டு, எல்லாப் பாட்டையும் முடித்தார்கள்.

மறுநாள் பூசையில் மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு, அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில், முழு நேரமும், பீடி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். இதுவே ஓர் அற்புதம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அத்தை நின்று பாடினார். ஒரு சரணம் தப்பவில்லை. ஒரே ஒரு விபத்து, அதுவும் பாட்டில் இல்லை. பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. மாமா டிரைவர் வழக்கப்படி கிளச்சில் காலை வைத்தபடியே ஓய்வெடுத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கமாக நகர்ந்து, அச்சனின் தலைக்கு மேலே சுவரில், பூசை முடிந்து எல்லோரும் வெளியே போகும்போது பாடும் பாட்டு ஆள் உயர எழுத்தில் வந்து நின்றது. ஜனங்கள் எல்லோரும் சுவரைப் பார்ப்பதைக் கண்டு அச்சனும் திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிடம் யோசித்தார். “அப்போ சரி, சுருக்கமாயிட்டு பறயாம்” என்று அப்படியே முடித்துக்கொண்டார்.

வெளியே தேர் புறப்படும் கூட்டத்தில் கமிட்டிச் செயலாளர் அத்தையிடம் வந்தார். “கிறிஸ்மசுக்கு ஒத்திகை எப்ப வச்சிக்கலாம்க்கா?” என்று கேட்டார். அவ்வளவுதான். அத்தை ஒரு நாளைச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “மருமவனே, உங்க ‘ங்’கை எல்லாம் வழியில கொட்டிட்டீகளா? நேத்துலருந்து வாயே திறக்கலியே” என்றார். “ஜனங்க தேர்ல தூவுன மிளகும் உப்பும் வாய்க்குள்ள போயிருச்சுங்” என்றேன்.

வடகரப்பதிக்கு வந்து குளிர்தேசத்து நண்பருக்கு எழுதினேன். அந்தக் கட்டங்கள் என் மொழி, அதன் பொருள் என் மாமியாருக்காக, அவர் காலால் தாளம் போடுகிறவர், ஆகவே என் பிரதியை மறுபடி மூட்டைக்குள் வைக்க அனுமதி வேண்டும். பதில் வழக்கம்போலச் சுருக்கமாக வந்தது. “காரணம் செல்லுபடியாகும். ஆனாலும் பிரதி பிரதிதான். மாற்றத்தை மூல ஆசிரியருக்கே அனுப்புங்கள். மாமியார் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.”

அனுப்பினேன். பெடல் லைப்ரரியை எழுதிய அந்தப் புண்ணியவான் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு ஏற்றுக்கொண்டார். இப்போது அது மூலத்திலேயே ஒரு விருப்பத் தேர்வு. வேண்டுமென்பவர் போட்டுக்கொள்ளலாம், அழுத்திப் பிடித்தால்தான் திரும்பும். பிரதியும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம், எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். அம்மா வீடும் மனைவி வீடும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது மாதிரி எனக்குத் தோன்றியது. மாற்றங்களின் குறிப்பில் இம்முறை ஒரு சொல்லோடு நிறுத்தாமல் மூன்று பத்தி எழுதினேன்.

கிறிஸ்மசுக்கு மலையேறியபோது புதிய பதிப்பையும் என் சொந்த லேப்டாப்பையும் கொண்டுபோனேன். லேப்டாப்பை மனைவியே பையில் எடுத்து வைத்தாள். ஒத்திகைக்கு முன்னால் கோயிலில் எல்லாவற்றையும் போட்டு முடித்து, பெடலை அத்தையின் கால் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

“இனி நீங்களே மிதிக்கலாம் அத்தை. எவ்வளவு தாளம் போட்டாலும் ஓடாதுங். அழுத்திப் புடிச்சாத்தான் திரும்பும்.”

அத்தை மிதித்துப் பார்த்தார். தாளம் போட்டார், சுவர் அசையவில்லை. அழுத்தினார், திரும்பியது. “நல்லாத்தான் செஞ்சிருக்கீக” என்றார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மாமா ஜீப்பு துடைக்கும் மஞ்சள் துணியால் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பேச்சு காதில் விழாதது போல, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இவுக எங்க உக்காருவாக?” என்றார் அத்தை.

“கடைசிப் பெஞ்சு இருக்குல்லா” என்றார் மாமா, துணியைப் பார்த்து.

அத்தை காலால் பெடலை அவர் பக்கம் தள்ளினார். “மருமவனே, அந்த அழுத்துற வேலையெல்லாம் எனக்கு வேண்டாம். மூட்டு வலிக்கும். எடுத்துருங்க.”

மூட்டு வலிப்பதாக அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். உடனே மாமா நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, தூரம் சரியா என்று பார்த்தார்.

கண்டங்கள் கடந்து, இரண்டு அந்நியர்களின் ஒப்புதல் வாங்கி உலகத்துக்கே சேர்த்த அந்த வசதியை, அது யாருக்காகப் பிறந்ததோ அவருடைய லேப்டாப்பில் அணைத்து வைத்தேன். இனி எந்தப் புதுப்பிப்பு வந்தாலும் அங்கே எதுவும் மாறாதபடி எல்லாப் பதிப்புகளையும் அப்படியே பூட்டினேன். அமைப்புக் கோப்பில் அந்த வரிக்கு மேலே, யார் திரையில் கட்டமாகத் தெரிந்தாலும் சரி என்று, தமிழில் எழுதினேன்: மாமாவுக்காக. தொடாதே.

“என்ன மாப்ள, முடிஞ்சுதா?” என்றார் மாமா. “எடுக்கலாமா வண்டிய?”